கறுப்பு வைசரும் ஐந்நூறு ரூபாயும்

பைக்கில் கறுப்பு வைசர் மாட்டியிருந்தால் போலீஸ் ஃபைன் போடலாமா, கூடாதா?

இந்தக் கேள்விக்கு எங்க காலேஜ் கேன்டீனில் மூன்று பதில்கள் கிடைக்கும். முதல் பதில்: "சுப்ரீம் கோர்ட்டே தடை பண்ணிருச்சுடா." இரண்டாவது: "அதெல்லாம் காருக்குத்தான், பைக்குக்குக் கிடையாது." மூன்றாவது: "சட்டம் என்னவா இருந்தா என்ன? நிறுத்துனா கொடுத்துட்டுப் போய்க்கிட்டே இரு."

முதல் இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. என்னைத் தொந்தரவு செய்தது மூன்றாவது பதில்தான். அதனால் சட்டத்தை எடுத்துவைத்துப் படித்துப் பார்த்தேன். படித்தபிறகு என் முடிவு இதுதான்: வண்டியின் முன்னால் இருக்கும் சின்னக் கறுப்பு வைசருக்கு ஃபைன் போடுவது அர்த்தமில்லாத வேலை. ராத்திரியில் கறுப்பு ஹெல்மெட் கண்ணாடியோடு போகிறவரை "ஹெல்மெட் இருக்கு, போ" என்று அனுப்பிவைப்பது அதைவிட அர்த்தமில்லாத வேலை.

ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். நம்ம ஊரில் வண்டியின் ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக்கையும் வைசர் என்கிறோம், ஹெல்மெட்டில் கண்ணுக்கு முன்னால் இருப்பதையும் வைசர் என்கிறோம். இந்தக் கட்டுரையில் முதலாவதை "வண்டி வைசர்" என்றும் இரண்டாவதை "ஹெல்மெட் கண்ணாடி" என்றும் சொல்கிறேன். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் பாதிப் பிரச்சினை இருக்கிறது.

சுப்ரீம் கோர்ட் என்னதான் சொன்னது?

எல்லோரும் சொல்லும் தீர்ப்பு 2012 ஏப்ரல் 27-ல் வந்தது. அவிஷேக் கோயங்கா எதிர் மத்திய அரசு என்ற பொதுநல வழக்கு. கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கார்களுக்குள் குற்றங்கள் நடக்கின்றன, உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரிவதில்லை என்பது மனுதாரரின் வாதம். கோர்ட் கையில் எடுத்தது 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி. முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதம் விட வேண்டும் என்கிறது அந்த விதி.

இந்த சதவீதம் கண்ணாடி தயாராகி வரும்போதே இருக்க வேண்டியது, அதன்மேல் எந்த ஃபிலிமும் ஒட்டக்கூடாது என்றது கோர்ட். ஒட்டியபிறகும் 70 சதவீதம் வருகிறதே என்ற சமாதானமும் எடுபடவில்லை. 2012 மே 4 முதல் அமல். "உத்தரவைக் கொஞ்சம் தளர்த்துங்கள்" என்று போனவர்களின் மனுக்களும் அந்த வருடம் ஆகஸ்ட்டில் தள்ளுபடி ஆயின. நாடு முழுக்க ரோட்டோரத்தில் நிறுத்தி நிறுத்தி ஃபிலிமை உரித்தது அப்போதுதான்.

கதை அதோடு முடியவில்லை. 2021 ஏப்ரல் 1 முதல் 100-வது விதியில் ஒரு திருத்தம் வந்தது. பாதுகாப்புக் கண்ணாடியோடு, உட்புறம் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடியையும் விதி ஏற்றுக்கொண்டது. இதைச் சுட்டிக்காட்டி 2024 செப்டம்பரில் கேரள ஹைகோர்ட்டில் நீதிபதி நாகரேஷ் ஒரு தீர்ப்பு சொன்னார். தரத்துக்கு உட்பட்ட ஃபிலிமாக இருந்து, 70-ம் 50-ம் கெடாமல் இருந்தால், அதற்காக அபராதம் போட முடியாது என்பது சாரம்.

ஆக, காருக்கே "கறுப்பு என்றால் குற்றம்" என்ற ஒற்றை வரிப் பதில் இன்றைக்குச் செல்லாது. எவ்வளவு வெளிச்சம் உள்ளே வருகிறது என்பதுதான் கேள்வி. இதை மனதில் வைத்துக்கொண்டு பைக்குக்கு வருவோம்.

பைக்குக்கு 100-வது விதி உண்டா?

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. இந்த விதியில் 70 சதவீதம் பற்றிய பகுதி "ஒவ்வொரு மோட்டார் வாகனமும்" என்று பேசுகிறது. பைக்கும் மோட்டார் வாகனம்தானே? அதே விதியில் அடுத்த பகுதி, முன்கண்ணாடி லேமினேட்டட் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்று சொல்லும்போது, "இருசக்கர வாகனங்களும் விவசாய டிராக்டர்களும் நீங்கலாக" என்று விலக்குக் கொடுக்கிறது. லேமினேட்டட் கண்ணாடிக்கு மட்டும் விலக்கு என்றால், 70 சதவீதத்துக்கு விலக்கு இல்லை என்றுதானே அர்த்தம்? போலீஸ் தரப்பில் ஒரு நல்ல வக்கீல் இருந்தால் இதைத்தான் வாதிடுவார். நியாயமான வாதம்தான், ஒதுக்கித் தள்ள முடியாது.

எதிர்த்தரப்புக்கும் சரக்கு இருக்கிறது. விதி பேசுவது விண்ட்ஸ்கிரீன் கண்ணாடியைப் பற்றி. அதற்கு அது காட்டும் தரமும் வாகனப் பாதுகாப்புக் கண்ணாடிக்கான ஐ.எஸ். 2553. நம்ம பைக்கில் ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும் பிளாஸ்டிக் துண்டு கண்ணாடியும் இல்லை, அதன் வழியாக யாரும் ரோட்டைப் பார்ப்பதும் இல்லை. அது காற்றைக் கொஞ்சம் மேலே தள்ளும், மீட்டரை மறைக்கும், வண்டிக்கு ஒரு கெத்து கொடுக்கும். அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய வாதம் ஒன்று உண்டு. பல்சர், அப்பாச்சி மாதிரி வண்டிகளில் கம்பெனியே கறுத்த வைசரோடு விற்றிருக்கிறது. இந்தியாவில் ஒரு வண்டி மாடலை விற்க வேண்டுமானால், 126-வது விதிப்படி அதன் மாதிரி வண்டி அங்கீகரிக்கப்பட்ட சோதனை அமைப்பு ஒன்றில் தேற வேண்டும். புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. அப்படிப்பட்ட அமைப்பு. அங்கே தேறி, ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவாகி, ஷோரூமிலிருந்து நேராக ரோட்டுக்கு வந்த வண்டியை நிறுத்தி "கறுப்பா இருக்கு, ஐந்நூறு எடு" என்றால், குற்றவாளி வாங்கியவரா, விற்றவரா, பாஸ் போட்டவரா?

சரி, கம்பெனி வைசரைக் கழற்றிவிட்டுக் கடையில் வாங்கிய கறுப்பு வைசரை மாட்டினால்? இங்கே கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் பதிவான, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. இதைக் கறாராகப் பிடித்துக்கொண்டு 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பும் கொடுத்தது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவில் சேர்த்தது. சைலன்சரை மாற்றுகிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும் :-)

ஆனால் வைசரின் நிறம் ஆர்.சி. புத்தகத்தில் எந்தக் கட்டத்திலும் இல்லை. வண்டியின் நிறம் இருக்கும், இன்ஜின் நம்பர் இருக்கும், சேஸிஸ் நம்பர் இருக்கும். வைசர் இருக்காது. எனவே 52-வது பிரிவை இதற்கு இழுப்பது ரொம்ப தூரம் இழுப்பது.

நண்பர்களே, நாம் பூட்டு ஊர்க்காரர்கள். எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று பார்த்துத்தான் திறக்க வேண்டும். கையில் கிடைத்த சாவியைப் போட்டுத் திருகினால் சாவி உடையும், இல்லாவிட்டால் பூட்டு கெடும். சட்டப்பிரிவும் அப்படித்தான்.

ரசீதில் என்ன எழுதியிருக்கிறது?

எங்கள் செட்டில் ஒருவனுக்கு இந்த வருடம் ஃபைன் விழுந்தது. ஹெல்மெட் போட்டிருந்தான், லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் இருந்தது. வண்டி வைசர் கறுப்பு என்பதுதான் காரணம் என்று வாயால் சொன்னார்கள். ரசீதில் இருந்ததோ 177-வது பிரிவு.

177 என்பது பொதுப்பிரிவு. வேறு எந்தப் பிரிவிலும் தனியாகத் தண்டனை சொல்லாத மீறல்களுக்கெல்லாம் அதுதான். முதல் தடவை 500 ரூபாய் வரை, அடுத்த தடவையிலிருந்து 1,500 ரூபாய் வரை. 2019 திருத்தத்துக்கு முன்பு இது 100 ரூபாயும் 300 ரூபாயுமாக இருந்தது. தமிழ்நாட்டில் புதிய தொகைகள் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தன.

177 என்று எழுதுவதில் தப்பில்லை. ஆனால் "எந்த விதியை மீறியதற்காக 177" என்று எழுதாவிட்டால், வாங்கியவருக்கு எதை எதிர்ப்பது என்றே தெரியாது. "சாப்பிட்டதுக்கு 500" என்று மட்டும் பில் வந்தால் ஓட்டலில் சும்மா விடுவோமா? பிரியாணிக்கு எவ்வளவு, சுக்காவுக்கு எவ்வளவு என்று கேட்க மாட்டோமா?

எதிர்க்க வழி இருக்கிறது. அங்கேயே பணம் கட்டுவது சமரசம் மாதிரி, குற்றத்தை ஒப்புக்கொண்டு முடித்துக்கொள்வது. வேண்டாம் என்றால் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் யதார்த்தம் என்ன? 500 ரூபாய்க்காக ஒருவர் வேலையை விட்டுவிட்டு கோர்ட் வாசலில் ஒரு நாள் நிற்க வேண்டும். வேடசந்தூர் பக்கம் மில்லில் ஷிஃப்ட் பார்ப்பவருக்கு அன்றைய சம்பளம் போகும். படிக்கிற பையனுக்கு இன்டர்னல் போகும். வக்கீல் ஃபீஸ் தனி. அதனால் எல்லோரும் கட்டிவிட்டுப் போகிறார்கள். யாரும் வழக்கு நடத்தாவிட்டால், பைக் வைசருக்கு விதி பொருந்துமா பொருந்தாதா என்று எந்த நீதிபதியும் சொல்ல வேண்டி வராது. நான் மேலே சொன்ன இரண்டு கண்ணாடித் தீர்ப்புகளுமே காரைப் பற்றியவை. கார் வைத்திருப்பவர்களும் ஃபிலிம் விற்பவர்களும் ஹைகோர்ட் வரை போகிறார்கள். ஸ்பிளெண்டர் வைத்திருப்பவர் செக்போஸ்ட்டோடு முடிந்துபோகிறார்.

"கொடுத்துட்டுப் போய்க்கிட்டே இரு" என்பது என்னைத் தொந்தரவு செய்வதாகச் சொன்னது இதனால்தான். அது ஒவ்வொருவருக்கும் லாபமான யோசனை. ஆனால் எல்லோரும் அப்படியே செய்தால் சட்டம் என்றைக்கும் தெளிவாகாது.

போலீஸ் பக்கமும் ஒரு நியாயம் உண்டு

செயின் பறிப்பு நடக்கும்போது கேமராவில் தெரிவது ஒரு பைக், இரண்டு பேர், கறுப்புக் கண்ணாடி மாட்டிய ஹெல்மெட். முகமே தெரியாது. விசாரிக்கிறவர்களின் எரிச்சல் புரிகிறது. கார் ஃபிலிம் வழக்கிலும் "உள்ளே யார் என்று தெரியவில்லை" என்பதுதானே முக்கியக் கவலை?

ஆனால் இந்தக் கவலை ஹெல்மெட் கண்ணாடிக்குத்தான் பொருந்தும், வண்டி வைசருக்குப் பொருந்தாது. ஒரு சாண் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. கார் மாதிரி பைக்குக்கு உள்ளே என்று ஒன்று கிடையாது. வண்டி வைசரைப் பிடிப்பது எதற்காக என்றால், அது தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரிகிறது, நிறுத்துவது சுலபம் என்பதுதான் காரணமாகத் தோன்றுகிறது.

இப்போது ஹெல்மெட் கண்ணாடிக்கு வருவோம். இதுதான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

வெயிலும் இருட்டும்

திண்டுக்கல்லில் கறுப்புக் கண்ணாடி வெறும் ஸ்டைலுக்கு என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காலையில் நத்தம் ரோட்டில் கிழக்கே போகிறவருக்குச் சூரியன் நேராக முகத்தில். சாயங்காலம் ஒட்டன்சத்திரம் பக்கம் மேற்கே போகிறவருக்கும் அதே கதை. சித்திரை வைகாசியில் நாலுவழிச்சாலையில் மத்தியானம் வண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தாரிலிருந்து எழும் வெளிச்சமே கண்ணைக் கூசும். பகலில் கறுப்புக் கண்ணாடி ஒரு தேவை.

பிரச்சினை அதே கண்ணாடியோடு ராத்திரியும் ஓட்டுவது.

ஒரு சின்னக் கணக்கு. நல்ல வெயிலில் தரையில் விழும் வெளிச்சம் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். அதில் 80 சதவீதத்தை வெட்டினாலும் 20,000 லக்ஸ் மிச்சம், தாராளம். ராத்திரியில் தெருவிளக்கு இருக்கும் ரோட்டில் சுமார் 10 லக்ஸ் இருக்கும். அதில் 80 சதவீதத்தை வெட்டினால் மிச்சம் 2. தெருவிளக்கே இல்லாத ரோட்டில் ஹெட்லைட்டைத் தாண்டி ஒன்றுமே மிஞ்சாது.

இன்னொன்று, கறுப்புகள் கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. உயரமான விண்ட்ஷீல்டு மாட்டிய வண்டி, அது 70 சதவீதம் விடுகிறது என்று வைப்போம். ஹெல்மெட் கண்ணாடி 50 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் கண்ணுக்கு வருவது 35 சதவீதம். உள்ளே ஒரு கூலிங் கிளாஸும் போட்டால்? சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் கறுத்த கூலிங் கிளாஸ் 8 முதல் 18 சதவீதம் வரைதான் விடும். 15 என்று வைத்தால், மொத்தம் 5 சதவீதம். தனித்தனியாகப் பார்த்தால் விண்ட்ஷீல்டு விதிப்படி சரி, ஹெல்மெட்டும் போட்டிருக்கிறார், எல்லாம் சரி. ஆனால் ஆள் பாதிக் குருடாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

வேகத்தையும் சேர்ப்போம். 60 கி.மீ. வேகத்தில் ஒரு வினாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறோம். எதிரில் ஒன்றைப் பார்த்து பிரேக்கை அழுத்துவதற்குள் ஒரு வினாடி போய்விடும், அது 17 மீட்டர். நல்ல டயர், நல்ல ரோடு என்றாலும் வண்டி நிற்க இன்னும் 20 மீட்டர் ஆகும். மொத்தம் 37 மீட்டர். டிம்மில் 40 மீட்டர் வரை ரோடு தெரிகிறது என்று வைத்துக்கொண்டால், வெறும் கண்ணுக்கே 3 மீட்டர்தான் மிச்சம். அதன்மேல் கறுப்புக் கண்ணாடியையும் மாட்டினால் அந்த 3 மீட்டர் எங்கே போகும்?

இது பேப்பரில் போடும் கணக்கு மட்டும் இல்லை. தை மாதம் பழனி ரோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? தைப்பூசத்துக்கு நடந்து போகும் பக்தர்கள் திண்டுக்கல் வழியாக, வெயிலுக்குப் பயந்து ராத்திரியிலும் விடியற்காலையிலும் ரோட்டோரமாகச் செல்வார்கள். பச்சை வேட்டி, காவி வேட்டி, தோளில் காவடி, தூக்கக் கலக்கத்தில் சின்னப் பிள்ளைகள். முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவது எதற்கு? வண்டிக்காரர் கண்ணில் பட வேண்டும் என்பதற்கு. அந்தச் சின்ன ஸ்டிக்கரிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தையும் முக்கால்வாசி வெட்டிவிடும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருவர் அதே ரோட்டில் வருகிறார். அவரிடம் ஹெல்மெட் இருக்கிறது. அதனால் அவர் மேல் கேஸ் இல்லை!

தை மாதம் மட்டும் இல்லை. விடியற்காலையில் பூ மூட்டையோடு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பூ மார்க்கெட்டுக்கு வருகிறவர்கள், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து போகிறவர்கள், பின்னால் சிவப்பு விளக்கு இல்லாத டிராக்டர், ரோட்டைக் கடக்கும் மாடு. நம்ம ஊர்ச் சமவெளி ரோடு நேராக இருப்பதால் வேகம் வரும். வேகம் வந்தால் தூரத்தில் இருப்பது தெரிய வேண்டும்.

"எதிரே வர்றவன் ஹை பீம்ல வர்றான், கறுப்பு கிளாஸ் போட்டாத்தான் கூசாது" என்று சொல்கிறவர்கள் உண்டு. கூச்சம் குறையும், உண்மை. ஆனால் கண்ணாடிக்கு எது லாரி விளக்கு, எது நடந்து போகும் ஆள் என்று தெரியாது. இரண்டையும் ஒரே விகிதத்தில் வெட்டும். லாரி விளக்கு வெட்டியபிறகும் பளிச்சென்று இருக்கும். கறுப்புச் சட்டை போட்டு நடந்து போகிறவர் காணாமல் போவார். கூசினால் வேகத்தைக் குறைத்து, ரோட்டின் இடது ஓரக் கோட்டைப் பார்த்து ஓட்டுவதுதான் வழி.

சட்டம் இங்கே என்ன செய்கிறது?

129-வது பிரிவு தரமான ஹெல்மெட் போட வேண்டும், பட்டையைக் கட்ட வேண்டும் என்கிறது. மீறினால் 194டி பிரிவில் 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும். 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னை ஹைகோர்ட் கறாராகச் சொன்னபோது ஊரே பிளாட்பாரத்தில் ஹெல்மெட் வாங்கியது நினைவிருக்கும். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்றும் ஆனது. எல்லாம் நல்லதுதான். ஆனால் 129-வது பிரிவில் ராத்திரி எந்தக் கண்ணாடி போட வேண்டும் என்று ஒரு வார்த்தை கிடையாது.

ஐரோப்பாவில் முன்பு பின்பற்றிய ஹெல்மெட் தரத்தில் (ஈ.சி.இ. 22.05) இதற்கு எளிமையான வழி வைத்தார்கள். 80 சதவீதத்துக்குக் குறைவாக வெளிச்சம் விடும் கண்ணாடியில் "பகலில் மட்டும் பயன்படுத்தவும்" என்று பொறிக்க வேண்டியிருந்தது. 50 சதவீதத்துக்கும் கீழே இருக்கக்கூடாது என்றும் அதில் இருந்தது. போலீஸ்காரர் கையில் மீட்டர் வேண்டியதில்லை. கண்ணாடி ஓரத்தில் எழுதியிருப்பதைப் படித்து, வானத்தைப் பார்த்தால் போதும் :-)

அப்படியானால் என்ன செய்யலாம்?

1. வண்டி வைசர், பார்க்கும் கோட்டுக்குக் கீழே இருந்தால், எந்த நிறமாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும். 100-வது விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்: இருசக்கர வாகனத்தில் ஓட்டுநர் எதன் வழியாக ரோட்டைப் பார்க்கிறாரோ அந்தப் பகுதிக்கு மட்டும் 70 சதவீதம்.

2. டூரிங் வண்டிகளில் கண் உயரத்துக்கு மேல் வரும் விண்ட்ஷீல்டு கறுப்பாக இருந்தால் ஃபைன் போடட்டும். சிறுமலையின் கொண்டை ஊசி வளைவில் வெயிலிலிருந்து திடீரென்று மர நிழலுக்குள் நுழையும்போதோ, கொடைக்கானல் ரோட்டில் பனிமூட்டத்திலோ, அது உண்மையிலேயே ஆபத்து.

3. ஹெல்மெட் கண்ணாடியில் "பகலுக்கு மட்டும்" என்று தமிழிலும் பொறிக்க வைக்க வேண்டும். பொழுது இறங்கியபிறகு அந்தக் கண்ணாடியோடு வந்தால் நிறுத்த வேண்டும். முதல் தடவை ஃபைன் வேண்டாம், கண்ணாடியைத் தூக்கிவிட்டு மெதுவாகப் போகச் சொன்னால் போதும்.

4. ரசீதில் பிரிவோடு சேர்த்து, மீறிய விதியின் எண்ணும் இருக்க வேண்டும். இதற்கு எந்தச் செலவும் இல்லை.

நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. ராத்திரி ஓட்டுகிறவர்கள் வெள்ளைக் கண்ணாடி ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான ஹெல்மெட்களில் மாற்றுவது ஒரு நிமிட வேலை. உள்ளே இழுத்துவிடும் கறுப்புக் கண்ணாடி உள்ள ஹெல்மெட் இன்னும் வசதி, இருட்டினால் மேலே தள்ளிவிடலாம். கண்ணாடியே இல்லாமல் ஓட்டுவது பதில் ஆகாது. மழை விட்ட சாயங்காலம் ஈசல் கண்ணில் அடித்தால் தெரியும் சேதி.

யாராவது நிறுத்தி வண்டி வைசருக்கு ஃபைன் என்றால், குரலை உயர்த்தாமல் கேளுங்கள்: "சார், எந்த விதியில போடுறீங்கன்னு ரசீதுல எழுதிக் கொடுங்க சார்." வெயிலில் நாள் முழுக்க நிற்கிற மனுஷர் அவர், சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் கேட்க வேண்டும். ஒருவர் கேட்டால் "ரொம்பப் படிச்சவனோ" என்பார்கள். ஐம்பது பேர் கேட்டால் மேலிடத்தில் விளக்கம் கேட்பார்கள். அதற்குள் நமக்கு ஒரு சுற்றறிக்கையாவது வந்துவிடும்.

வெளிச்சம் கண்ணுக்கு வருகிறதா என்பதுதான் இந்தச் சட்டத்தின் உயிர். அதை நிறம் பார்த்து நடத்தினால் ஐந்நூறு ரூபாய் வசூலாகும். கண்ணைப் பார்த்து நடத்தினால் பழனி ரோட்டில் நடந்து போகிறவர் வீடு திரும்புவார். எனக்கு இரண்டாவது போதும்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, சட்டப் புத்தகம் படிக்கிற மாணவன் மட்டுமே. சைலன்சர் மாற்றியவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்க வேண்டாம்.